கூலித்தறிப் பட்டறைக்கு ஒரு பிரிண்டர்: முதலில் கறுப்பு மையைக் கேளுங்கள்

ஆல்-இன்-ஒன் இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் விலையைக் கேட்கிறார்கள். அடுத்து வைஃபை இருக்கிறதா என்று கேட்கிறார்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: "இதன் கறுப்பு மை பிக்மென்ட்டா, டையா?" விற்பவர் தயங்காமல் பதில் சொன்னால் அந்தக் கடையில் உட்கார்ந்து பேசலாம். "எல்லாம் ஒன்றுதான்" என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். அவை ஒன்றல்ல: டை நீரில் கரையும் சாயம், பிக்மென்ட் கரையாத துகள். எங்களைப் போன்ற சிறு தொழில்காரர்களுக்கு அந்த வேறுபாடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

நாங்கள் பள்ளிபாளையத்தில் கூலிக்கு ரயான் நெய்து கொடுக்கிறோம். நூல் பார்ட்டியுடையது, தறியும் உழைப்பும் எங்களுடையவை. பட்டறையைக் கணவர் பார்த்துக்கொள்கிறார். சலான், பில், ஜிஎஸ்டி, கூலிக் கணக்கு எல்லாம் என் பொறுப்பு. வீட்டின் முன்னறைதான் அலுவலகம். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருக்கும்.

சரக்கு எங்கே போனாலும் கூடவே தாள் போக வேண்டும். கூலி வேலைச் சரக்குக்கான டெலிவரி சலானை மூன்று படி எடுக்கச் சொல்கிறது ஜிஎஸ்டி விதி 55: சரக்கைப் பெறுகிறவருக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று, அனுப்புகிறவர் கையில் ஒன்று. டாட் மேட்ரிக்ஸ் இருந்த காலத்தில் கார்பன் வைத்து மூன்றையும் ஒரே அடியில் எடுத்துவிடுவோம். இங்க்ஜெட்டில் ஊசி எதுவும் தாளை அடிப்பதில்லை, மைத்துளிதான் தெறித்து விழுகிறது. ஆகவே கார்பன் பயன்படாது. மூன்றையும் தனித்தனியாக அச்சிட வேண்டும். இதோடு பில், இ-வே பில், வாரக் கடைசியில் கூலிப் பட்டியல். நாளெல்லாம் கறுப்பு எழுத்துதான். வண்ணம் எப்போதாவது.

அச்சான பிறகு அந்தத் தாள் படுகிற பாட்டை நினைத்துப் பாருங்கள். டெம்போ ஓட்டுநரின் சட்டைப் பையில் வியர்வையில் ஊறும். ஐப்பசியில் காவிரிப் பாலம் தாண்டி ஈரோடு போய்ச் சேர்வதற்குள் மழையில் நனையும். குடோனில் தேநீர்க் கோப்பைக்கு அடியில் கிடக்கும். இத்தனைக்கும் பிறகு பீஸ் கணக்கும் மீட்டர் கணக்கும் தெளிவாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் கூலி அந்த எண்களை வைத்துத்தான் வருகிறது. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கு ஆவணங்களை ஆண்டறிக்கையின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் பாதுகாக்கவும் வேண்டும். எழுத்து கரைந்த சலானைக் கையில் வைத்துக்கொண்டு எவரிடமும் வழக்காட முடியாது.

மை விஷயத்தைத் தறிக்காரர்களுக்கு விளக்குவது எளிது. சாயப்பட்டறையில் நூலுக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் இழையோடு வேதிமுறையில் பிணைந்துவிடும். அதனால் துவைத்தாலும் போகாது. டை மையும் நீரில் கரைந்த சாயம்தான், ஆனால் சாதாரணத் தாளில் அதைப் பிணைத்துப் பிடிக்க எதுவும் இல்லை. தண்ணீர் பட்டால் மறுபடியும் கரைந்து பரவுகிறது. பிக்மென்ட் மை நீரில் கரையாத நுண்ணிய துகள்களால் ஆனது. துகள்கள் தாளின் இழைகளுக்கிடையே தங்கிவிடுகின்றன. காய்ந்த பிறகு நீர் பட்டாலும் எழுத்து நிற்கும், வெளிச்சத்திலும் எளிதில் வெளுக்காது. ஒளிப்படத்துக்கு டை மை பளபளப்பாக, அழகாக இருக்கும். சலானுக்கு அழகு எதற்கு?

இந்தக் கண்ணோட்டத்தில் இங்க் டேங்க் மாடல்களை, அதாவது குப்பியிலிருந்து தொட்டியில் மை ஊற்றும் பிரிண்டர்களைப் பார்த்தால் படம் தெளிவாகிறது. கேனன் ஜி3010-இல் கறுப்பு பிக்மென்ட், மற்ற மூன்று நிறங்களும் டை. எச்பி ஸ்மார்ட் டேங்க் வரிசையில் ஜிடி53 என்ற கறுப்பு பிக்மென்ட், ஜிடி52 வண்ணங்கள் டை. பிரதர் டிசிபி-டி420டபிள்யூவிலும் அதே ஏற்பாடு. எப்சனில் மாடலுக்கு மாடல் மாறும். அதிகம் விற்கும் எல்3250 போன்ற அடிப்படை மாடல்களில் நான்கு குப்பியும் டை. எல்4260-க்குப் போனால் கறுப்பு பிக்மென்ட் ஆகிவிடுகிறது, இருபக்கமும் தானாக அச்சிடும் வசதியும் சேர்ந்து வருகிறது. ஆகவே பிராண்ட் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். மாடல் எண்ணைக் கேட்டு, மைக்குப்பியின் எண்ணையும் கேளுங்கள்.

ஈரோடு மேட்டூர் ரோட்டில் ஒரு கடையில் என் சலான் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்து, காட்சிக்கு வைத்திருந்த பிரிண்டர்களில் அச்சிட்டுத் தரச் சொன்னேன். கடைத் தம்பி முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தார். ஒவ்வொரு தாளின் மூலையிலும் மாடல் எண்ணைப் பேனாவால் குறித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து குழாயில் காட்டினேன். டை மைத் தாள்களில் எழுத்தின் ஓரம் நீலச் சாம்பலாகப் பரவி, எட்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. பிக்மென்ட் தாள்களில் ஓரம் லேசாக மங்கியதோடு சரி. எண்கள் அப்படியே நின்றன. மாமா அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இதை வாங்கு அம்மிணி, வேறு யோசனையே வேண்டாம்" என்று நனைந்த தாள் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். பிரிண்டரைத் தொட்டே அறியாத மனிதர், ஆனால் நூல் மூட்டைச் சீட்டு நனைந்தால் என்ன ஆகும் என்பதை அறுபது வயதுவரை பார்த்தவர்.

பிக்மென்ட் கறுப்பு என்று முடிவான பிறகு, பிரதர் டி420டபிள்யூவை நான் எடுத்ததற்குக் காரணம் பஞ்சு. விசைத்தறி ஓடும் இடத்தில் பஞ்சுத் தூசி இல்லாத மூலை கிடையாது. காலையில் துடைத்த மேசையில் மதியம் விரலால் பெயர் எழுதலாம். பல இங்க் டேங்க் பிரிண்டர்களில் தாள் பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும். அந்தத் திறப்பு வழியாகத் தூசி நேரே உள்ளே இறங்கும். தாளை இழுக்கும் ரப்பர் உருளையில் பஞ்சு படிந்தால் உருளை வழுக்கும். ஒரு தாளுக்குப் பதில் இரண்டு வரும், அல்லது ஒன்றும் வராது. டி420டபிள்யூவில் 150 தாள் பிடிக்கும் தட்டு கீழே, முன்பக்கமாக உள்ளே செருகப்படுகிறது. தாள் மூடிய நிலையில் கிடக்கிறது. வீட்டில் தறியோ, மாவு மில்லோ, தச்சுப் பட்டறையோ வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒன்றே போதுமான காரணம். மேலே ஒரு பழைய பருத்தித் துண்டைப் போட்டு மூடுகிறேன். நெய்தவர்கள் வீட்டில் துண்டுக்கா பஞ்சம்.

வேகம் எங்கள் வேலைக்கு நிறைவாக இருக்கிறது. ஐஎஸ்ஓ அளவீட்டில் கறுப்பு நிமிடத்துக்கு 16 பக்கம், வண்ணம் 9 பக்கம் என்கிறார்கள். டெம்போ வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது மூன்று படிச் சலானை எடுத்து, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்க இது தாராளம். எழுத்து கருகருவென்று இருக்கிறது. சாதாரணத் தாளில் ஓரம் பிசிறவில்லை. தானாக இருபக்கமும் அச்சிடாது, தாள் கட்டை மேலிருந்து தானே இழுத்து ஸ்கேன் செய்யும் ஏடிஎஃப்பும் கிடையாது. அவை வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் டி720டிடபிள்யூவுக்குப் போக வேண்டும், விலையும் கூடும். தணிக்கையாளர் அலுவலகம், பள்ளி அலுவலகம் போன்ற இடங்களுக்கு அந்தக் கூடுதல் பணம் நியாயமானது. ஒற்றைத் தாள் சலான் அடிக்கிற எனக்கு அது தேவைப்படவில்லை.

ஒரு அமைப்பை மட்டும் வாங்கிய அன்றே சரிபார்த்துக்கொள்ளுங்கள். அச்சிடும்போது தாள் வகை 'பிளெய்ன் பேப்பர்' என்று இருக்க வேண்டும். பளபளப்புத் தாள் என்று தேர்வாகியிருந்தால் இவ்வகைப் பிரிண்டர்கள் பொதுவாக பிக்மென்ட் கறுப்பை விட்டுவிட்டு வண்ண மைகளைக் கலந்து கறுப்பாக்கும். அப்படி அடித்த சலான் நனைந்தால் கரையும். வண்ண மையும் வீணாகும். பிள்ளைகள் ஒளிப்படம் அச்சிட்டுவிட்டு அமைப்பை அப்படியே விட்டுப் போகும் வீடுகளில் இதைக் கவனிக்காமல் முடியாது.

இப்போது மின்சாரம். இங்க்ஜெட் பிரிண்டர்கள் கெட்டுப்போவதற்குப் பலர் மையைக் குறை சொல்கிறார்கள். நான் சுவர் ஸ்விட்சைக் குறை சொல்வேன். அச்சு முடிந்து பிரிண்டர் தன் பொத்தானால் அணைக்கப்படும்போது, அச்சுத் தலை ஓரமாக நகர்ந்து ரப்பர் மூடியின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. நுண்துளைகள் காய்ந்து போகாமல் காப்பது அந்த மூடிதான். அச்சிட்டுக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனாலோ, யாராவது சுவரில் அணைத்தாலோ, தலை பாதி வழியில் திறந்தபடி நின்றுவிடும். ஈரோட்டுச் சித்திரை வெயிலில் அந்த மை எத்தனை நேரம் ஈரமாக இருக்கும்? ஆகவே கணினிக்கு வைத்திருக்கும் யுபிஎஸ்ஸிலேயே பிரிண்டரையும் மாட்டுங்கள். இங்க்ஜெட் அச்சிடும்போது இழுப்பது ஒரு சிறு பல்பு அளவு மின்சாரம்தான். லேசர் பிரிண்டரை மட்டும் சிறிய யுபிஎஸ்ஸில் மாட்டக் கூடாது. அது தூளை உருக்கத் தாளைச் சூடாக்குகிறது, பல நூறு வாட் இழுக்கும்.

பிரதர் பிரிண்டரை அணைக்காமல் இணைப்பிலேயே விட்டுவைக்கச் சொல்கிறார்கள், ஏனென்றால் அது அவ்வப்போது தானே தலையைச் சுத்தம் செய்துகொள்கிறது. இரவில் சின்னதாக ஓர் உறுமல் கேட்கும். அந்தச் சுத்தத்துக்குக் கொஞ்சம் மை செலவாகும். அதைப் பார்த்து வருந்த வேண்டாம். ஆனால் கோடு விழுகிறது என்று நாமே திரும்பத் திரும்ப 'ஹெட் கிளீனிங்' கொடுப்பது வேறு. வெளியேறும் மை முழுவதும் உள்ளே இருக்கும் பஞ்சுப் பட்டையில் போய் ஊறுகிறது. அது நிறைந்துவிட்டால் பிரிண்டர் வேலை செய்ய மறுக்கும். பிறகு சர்வீஸ் சென்டர்தான் கதி. முதலில் மைத்துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் நாசில் செக் தாளை எடுத்துப் பாருங்கள். கோடு விட்டிருந்தால் ஒரு முறை சுத்தம் செய்யுங்கள், மீண்டும் சோதியுங்கள், சரியாகாவிட்டால் சில மணி நேரம் ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். பல நேரம் அந்த ஓய்விலேயே காய்ந்த மை இளகிவிடும்.

அச்சுத் தலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேனனும் எச்பியும் மையைச் சூடாக்கிக் குமிழி உண்டாக்கி, அந்தக் குமிழியின் அழுத்தத்தால் துளியைத் தள்ளுகின்றன. அந்த நிறுவனங்களின் இங்க் டேங்க் மாடல்கள் பலவற்றில் தலையை நாமே கழற்றி மாற்றலாம். எப்சனும் பிரதரும் மின்சாரம் பட்டால் நெளியும் பீசோ படிகத்தால் துளியைத் தள்ளுகின்றன. சூடு கிடையாது, தலை நெடுநாள் உழைக்கும். ஆனால் அடைத்துக்கொண்டால் வீட்டில் மாற்றுவது கடினம். சர்வீஸ் சென்டர் எட்டாத ஊர்க்காரர்கள், தாளவாடி, பர்கூர் மலை, அந்தியூருக்கு மேலே இருப்பவர்கள், கழற்றி மாற்றும் தலை உள்ள மாடலை யோசிப்பது நல்லது. எங்களுக்கு ஈரோடு பாலத்துக்கு அந்தப் பக்கம் என்பதால் எனக்கு இது தடையாகப் படவில்லை.

மைச் செலவைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டிய காலம் போய்விட்டது. எப்சன் 2010-இல் இந்தோனேசியாவில் தொட்டியில் மை ஊற்றும் பிரிண்டரை விற்கத் தொடங்கியது. பிறகு மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். டி420டபிள்யூவின் கறுப்புக் குப்பிக்கு 7,500 பக்கம், வண்ணக் குப்பி ஒவ்வொன்றுக்கும் 5,000 பக்கம் என்று குறிப்பிடுகிறார்கள். இது ஐஎஸ்ஓ/ஐஇசி 24712 மாதிரிப் பக்கங்களை வைத்து, பிரதர் தன் சொந்த முறையில் கணக்கிடுவது. முதல் முறை ஊற்றும் மையில் ஒரு பகுதி குழாய்களை நிரப்பவே போய்விடும், ஆகவே முதல் குப்பி சீக்கிரம் தீர்ந்தது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு கறுப்புப் பக்கத்துக்கு மை சில காசுகள்தான். தாள் அரை ரூபாயைத் தாண்டுகிறது. மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் மட்டமான மையை ஊற்றித் தலையைப் பாழாக்குவதைவிட, தாளை வீணாக்காமல் இருப்பதே லாபம். தாள் விஷயத்தில் நம் பகுதிக்குக் கொடுப்பினை உண்டு. கரூர் மாவட்டம் புகளூர் காகிதபுரத்தில் தமிழ்நாடு அரசு 1979-இல் நிறுவிய டிஎன்பிஎல் ஆலை கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறது. எங்கள் பள்ளிபாளையத்திலேயே 1960-இல் உருவான சேஷசாயி காகித ஆலை இருக்கிறது. நான் 75 ஜிஎஸ்எம் டிஎன்பிஎல் தாள்தான் பயன்படுத்துகிறேன். சலானுக்கு அதில் குறை எதுவும் காணவில்லை. கட்டைப் பிரித்தால் மீதியை உறையோடு மூடி வையுங்கள். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய தாள் நெளியும், சிக்கும். பழியைப் பிரிண்டர் சுமக்கும்.

பிரிண்டர் வாங்கும்போது யாரும் யோசிக்காத பகுதி அதிலுள்ள ஸ்கேனர், ஆனால் அதுதான் எனக்கு அதிகம் உதவுகிறது. எடைமேடைச் சீட்டும் டீசல் பில்லும் வெப்பத்தாளில் வருகின்றன. கோடையில் ஜன்னலோரம் வைத்தால் சில வாரங்களிலேயே வெள்ளைத் தாளாகிவிடும். வந்த அன்றே கண்ணாடியில் நான்கைந்தாகப் பரப்பி ஒரே ஏ4 தாளில் நகல் எடுத்துக் கோப்பில் சேர்த்துவிடுகிறேன். ஆண்டு முடிவில் கணக்கர் கேட்கும்போது ஒன்றும் மறைந்திருக்காது.

நிலப் பத்திரம் ஸ்கேன் செய்ய நினைப்பவர்கள் கவனியுங்கள். முத்திரைத் தாள் ஏ4-ஐவிட நீளம். வீட்டுப் பிரிண்டர்களின் கண்ணாடி ஏ4 அளவோடு முடிந்துவிடும். பத்திரத்தின் அடிப்பகுதி, அதாவது கையெழுத்துகள் இருக்கும் இடம், வெளியே தொங்கும். இரண்டு பகுதியாக எடுத்துச் சேர்க்க வேண்டும். ஏடிஎஃப் உள்ள சில மாடல்கள் லீகல் நீளத் தாளை ஏற்கும். வாங்கும் முன் கேட்டு உறுதி செய்யுங்கள். ஆனாலும் மடிப்பில் கிழிந்துகொண்டிருக்கும் அப்பாரு காலத்துத் தாய்ப்பத்திரத்தை ஏடிஎஃப்பில் விடவே கூடாது, உருளை அதைச் சுருட்டிக் கிழித்துவிடும். இந்த வகை ஸ்கேனர்கள் கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கும் பரப்பைத்தான் தெளிவாகப் பிடிக்கும். தைத்த பத்திரத்தின் நடுமடிப்பு தூக்கிக்கொண்டு நின்றால் அந்த இடம் இருண்டு மங்கும். உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பிடித்து எடுங்கள்.

வைஃபை பற்றிச் சொல்ல அதிகமில்லை. இந்த விலையில் பல பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் பிடிக்கும். போனிலிருந்து அச்சு வரவில்லையென்றால் முதலில் ரௌட்டரில் அதைப் பாருங்கள். கணினி பக்கத்திலேயே இருந்தால் யுஎஸ்பி கம்பியே நிம்மதி. மகளின் பள்ளிப் படங்கள் போனிலிருந்து வருகின்றன, வண்ணம் பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் வரவேற்பறையில் மாட்டும் கல்யாணப் படத்துக்கு இதை நம்ப வேண்டாம், ஸ்டுடியோவுக்குக் கொடுத்துவிடுங்கள்.

மாதத்துக்கு நான்கு பக்கம் அடிக்கிற வீடு என்றால் இங்க் டேங்க் பிரிண்டரே வாங்காதீர்கள். மை காய்ந்து, சுத்தம் செய்தே குப்பி காலியாகும். தெருமுனை ஜெராக்ஸ் கடை மலிவு. கறுப்பு மட்டும் போதுமென்றால் சிறிய லேசர் பிரிண்டர் ஆறு மாதம் சும்மா கிடந்தாலும் கேட்ட நேரத்தில் அச்சிடும். பிள்ளைகளின் வண்ணப் படங்களே பிரதானம், சலான், பில் வேலை கிடையாது என்றால் நான்கும் டை மையாக உள்ள மாடலே போதும். தினமும் கறுப்பு எழுத்து அடித்து, அந்தத் தாளை வெளியே அனுப்பி, அதை வைத்துக் காசு வாங்குகிறவர்களுக்குத்தான் நான் பிக்மென்ட் கறுப்பை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

வாங்கும் நாளில் பில்லில் சீரியல் எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உத்தரவாதம் ஓராண்டா, அல்லது இத்தனை பக்கம் என்று வரம்பு இருக்கிறதா, எது முந்துகிறது என்று கேளுங்கள். அதிகம் அச்சிடுகிறவர்களுக்குப் பக்க வரம்பு முதலில் வந்துவிடும். ஆள் வீட்டுக்கு வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதையும் அங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். தூக்கிப் போக வேண்டியிருந்தால் பிரிண்டரைச் சாய்க்காமல் சமமாகப் பிடித்துப் போங்கள். தொட்டியில் மை இருக்கும்போது இருசக்கர வண்டியின் முன்னால் படுக்கவைத்துக் கொண்டுபோனால் சர்வீஸ் சென்டர் போய்ச் சேர்வதற்குள் நான்கு நிறமும் உள்ளே கொட்டியிருக்கும்.